முறைத் தண்ணீரும் கம்பெனி பஸ்ஸும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. மைக்கைக் கையில் கொடுத்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. வரி முன்னே பின்னே இருந்தால் நீங்களே நேர் பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பருவநிலை மாற்றம் என்று சொல்கிறீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் எங்கள் வாயில் அந்த வார்த்தை கிடையாது. மழை ஏமாத்துது என்போம். வெயில் முன்ன மாதிரி இல்லை என்போம். வார்த்தைதான் வேறு. மழை மாறிப்போனால் அதற்குத் தக்கபடி ஊர் தன்னை மாற்றிக்கொள்ள நாம் கூட நின்று உதவ வேண்டும். அன்றைக்கும் அதுதான் வேலை, இன்றைக்கும் அதுதான். அந்த வேலை எப்படிக் கையைவிட்டுப் போகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நல்லபடியாக முடிந்தவை வேண்டுமென்றால் ஆபீஸ் சுவரில் போட்டோக்கள் மாட்டியிருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கொட்டாய். கொல்லை, அதாவது பயிர் நிலம், அதன் ஓரத்திலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் சேர்ந்திருக்கும் சின்ன ஊரைத்தான் எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். அங்கே எட்டு வீடு. எல்லோரும் ஒரே பாட்டன் வழி. எட்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

அந்த முறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் வரும். ஒரு வீட்டுக்காரர் அந்தப் போகம் பயிர் வைக்கவில்லை என்றால், அவர் முறை நாளில் மோட்டார் ஓடாது. தண்ணீர் கிணற்றிலேயே நிற்கும். அடுத்த முறைக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். கேட்டால் அசிங்கம்.

பெண் கொடுக்கும்போதுகூட அதைத்தான் விசாரிப்பார்கள், கிணற்றில் முறை உண்டா என்று. அந்தக் கொட்டாயில் வாழ்க்கைப்பட்ட ரத்னம்மா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

"எங்கப்பா மாப்பிள்ளை மூஞ்சியே பாக்கலக்கா. வந்தாரு, கிணத்த எட்டிப் பாத்தாரு, தலைய ஆட்டிட்டாரு. இந்தாளு மூஞ்சிய நான் தாலி கட்டினப்புறந்தான் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கிணறே தேவலாம்."

அவள் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமை வருவார், தூங்குவார், போவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கொல்லையைப் பார்ப்பதெல்லாம் ரத்னம்மா ஒருத்திதான். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், மாட்டோடு கன்னடம். மாடு கன்னடக்காரர் சந்தையில் வாங்கியதாம்.

எங்கள் சின்ன நிறுவனம் மண், தண்ணீர் பாதுகாப்புத் திட்டத்துக்கு அந்தக் கொட்டாயை எடுத்துக்கொண்டது. நான் கிராமப் பணியாளர். கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுவது என் முக்கியமான வேலை. அதனால் அங்கே எனக்குப் பெயரே மீட்டிங் அக்கா.

"மீட்டிங் அக்கா வந்துட்டாங்கடியோ. பிஸ்கட்டு கொண்டாந்தீங்களாக்கா, வெறும் பேச்சுதானா?"

எனக்கு மேலே ஒரு இன்ஜினியர் சார் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அவரிடம்தான். அந்த வருஷங்களில் மழை இரண்டு மூன்று தடவை சேர்ந்தாற்போல ஏமாற்றிவிட்டு, கிணற்றில் பாறை தெரிந்தது. ஊரார் போர் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். சார் ஒத்துக்கொள்ளவில்லை. வரப்பை உயர்த்துவோம், ஓடையில் தடுப்பணை கட்டுவோம், எல்லோரும் கொல்லை முழுக்கத் தக்காளி வைக்காமல் பாதியில் ராகி, அவரை போடுவோம், தக்காளிக்குச் சொட்டுநீர் போடுவோம் என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் என்றால் பெண்கள். ஆண்கள் ஷிப்டில் இருந்தார்கள். தலையாட்டி முடித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்குதுங்க சார். வூட்ல கேட்டுட்டு சொல்றோம்."

திரும்பி வரும்போது சார் சொன்னார்: "பாத்துக்கிடுங்கம்மா. கொல்லையில குனிஞ்சு நிக்கது ஒரு ஆளு, கையெழுத்துப் போடுதது வேற ஆளு. நம்ம திட்டத்துல ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நெனச்சி எழுதியிருக்கோம்."

அது எவ்வளவு உண்மை என்பது சொட்டுநீர் விஷயத்தில் தெரிந்தது. கொட்டாயிலேயே அதை ஆசையாகக் கேட்டவள் ரத்னம்மாதான். மானியம் வாங்கப் பட்டா வேண்டும். அவள் கொல்லை ஓரத்தில் நின்று சார் கேட்டார்:

"பட்டா யாரு பேர்லம்மா?"

"மாமனாரு பேர்லங்க."

"அவுங்க வந்து கையெழுத்து போடுவாங்களா?"

"செத்து ரொம்ப வருசமாச்சுங்க. வேணும்னா கூப்பிட்டுப் பாக்கறேன்."

சார் சிரித்தார். பாகம் பிரித்துப் பெயர் மாற்றினால் ஆகும். அதற்குப் பெங்களூரில் இருக்கும் கொழுந்தன் சம்மதிக்க வேண்டும். அவருக்குப் போன் பண்ணினாள். பிரிக்கலாம் அண்ணி, இப்ப என்ன அவசரம், ரோடு அகலமாகப் போவுதாம், லேஅவுட்டுக்காரங்க வருவாங்களாம், பொறுங்க என்றாராம். அந்தக் கொல்லைக்கு மழை வர வேண்டும் என்று காத்திருந்தது ரத்னம்மா ஒருத்தி. மற்றவர்கள் அதற்கு விலை வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். சொட்டுநீர் வரவே இல்லை. அவள் பழையபடி வாய்க்கால் பாசனம்தான்.

இதில் கொழுந்தன் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. நான் எழுதுகிற இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் வர மாட்டார்கள். வந்திருந்தால் நமக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் வரப்பு உயர்ந்தது. தடுப்பணை கட்டினோம். ரெண்டு வருஷத்தில் கிணற்றில் தண்ணீர் ஏறியது. கண்ணால் பார்த்தேன். வெயில் காலத்தில்கூடப் பாறை மூடியிருந்தது. எங்களுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மேலிடத்திலிருந்து பார்க்க வந்தார்கள். ஒரு பெரிய ஆபீசர் அம்மா, கூட நாலைந்து பேர். ரத்னம்மா கையில் ஆரத்தித் தட்டு. போட்டோக்காரர் கிணற்றைச் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் சார் தடுப்பணை மேல் ஏறி நின்று கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சரியில்லை. ரத்னம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தக் கொல்லை ஏன் சும்மா கெடக்கு?"

"அந்த வூட்டுப் பையன் பிரேக்கு கம்பெனிக்கு போறானுங்க. பஸ்ஸு நம்ம ரோட்டு முனைக்கே வருதே."

"இந்தால, பக்கத்துக் கொல்லை?"

"அது எங்க மூத்தாரு வூடு, வூட்டுக்காரருக்கு பங்காளி அண்ணன். தைலமரம் நட்டுட்டு ஓசூர்ல வாடகைக்கு போயிட்டாங்க. கொல்லை வேலைக்கு ஆளும் கெடைக்கறதில்லீங்க, பொண்ணுங்களும் கம்பெனிக்கு போவுதுங்க."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"நாகராஜூ. அவனும் கம்பெனிதான். கொல்லையில இருந்தா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க சார். முன்னெல்லாம் கிணத்துல முறை இருக்குதான்னு கேப்பாங்க. இப்ப பர்மனென்டா, கான்ட்ராக்டான்னு கேக்கறாங்க. கிணத்துல பங்கு இருக்குதுன்னு சொன்னா சிரிக்கறாங்க."

சார் விரலால் ஒவ்வொரு கொல்லையாகக் காட்டிக் கேட்டு முடித்தார். பச்சையாக இருந்தது ரத்னம்மா கொல்லையும், ஊரே பெரியப்பா என்று கூப்பிடும் ஒரு வயசானவரின் துண்டுக் கொல்லையும்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, இந்தத் தண்ணி நம்ம கட்டுன அணையால ஏறல. அணை கொஞ்சம் உதவியிருக்கும். ஆனா ஏறுனது கம்பெனி பஸ்ஸால. எல்லாரும் முறைய விட்டுட்டுப் போயிட்டாங்க. விட்ட முறையெல்லாம் கிணத்துக்குள்ள நிக்கி."

ஜீப் வந்துவிட்டது. மாலை, கைதட்டல். இப்போது சொல்வதா, அவர்கள் போன பிறகு சொல்வதா? நானாக இருந்தால் ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். சார் கிணற்று மேட்டிலேயே, எல்லோர் முன்னாலும், என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

அந்த ஆபீசர் அம்மா கோபப்படவில்லை. கவனமாகக் கேட்டார். "சரி சார், ஆனா எப்படியோ தண்ணி ஏறியிருக்கு இல்லையா? குடும்பத்துக்கு வேற வருமானம் வந்திருக்கு, நிலத்து மேல பாரம் குறைஞ்சிருக்கு. மழை குறைஞ்ச இடத்துல இதுவும் ஒரு நல்ல வழிதானே?"

"நல்ல வழிதான் மேடம். ஆனா அது நம்ம கையில இல்ல. கம்பெனி ஆள எடுத்தா தண்ணி ஏறும், ஆள நிறுத்துனா எறங்கும். மழைக்குப் பயந்துதான் இந்தத் திட்டத்துக்கே வந்தோம். இப்ப மழைய விட்டுட்டு சந்தைய நம்பிக்கிட்டு இருக்கோம்."

அவர் யோசித்தார். நீங்க சொல்றது சரிதான் என்றார். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் மேலே போய்ச் சேர்ந்தது போட்டோ மட்டும்தான், சார் சொன்னது போகவில்லை. அதைப் பார்த்து, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில் இதே மாதிரி அணை, இதே மாதிரி வரப்பு போட்டார்கள். அந்த ஊருக்குக் கம்பெனி பஸ் வராது. எல்லோரும் கொல்லையிலேயே இருந்தார்கள், எல்லோரும் தண்ணீர் இறைத்தார்கள். கிணறு ஏறவில்லை. மக்களின் ஒத்துழைப்பு போதவில்லை என்று அந்த ஊர்மேல் பழி விழுந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் ஏறினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஊரிலிருந்து யார் யார் போய்விட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டால் அதை நிறுத்த முடியும் என்று சொல்லவில்லை. உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

திட்டத்துக்கு ஒரு காலம் உண்டு. அது முடிந்தது. சார் வேறு மாவட்டத்துக்குப் போனார். நிறுவனம் என்னை விட்டுவிடவில்லை, அப்பப்போ போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். போய்க்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்று கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திய வருஷம் அது. நாகராஜூவையும் நிறுத்தினார்கள். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பொண்ணு வீட்டில் கம்பெனி மாப்பிள்ளை என்றுதான் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அப்புறம் ஒருநாள் ஒரு டேங்கர் லாரியைக் கொண்டுவந்து கிணற்று ஓரம் நிறுத்தினான். பழைய லாரி, கடன் வாங்கி எடுத்தது. ஓசூரைச் சுற்றிப் புதுப்புது லேஅவுட், புதுப்புது மாடிவீடு. அங்கெல்லாம் போர் போட்டாலும் தண்ணீர் இல்லை. அவன் தன் முறை நாளில் மோட்டாரைப் போட்டான். லாரியை நிரப்பினான். போனான். திரும்பி வந்து மறுபடி நிரப்பினான்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் போட்டேன். ஆண்களும் இருந்தார்கள். கிணற்று மேட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாகராஜூ லாரி மட்கார்டு மேல் ஒரு காலை வைத்து நின்றான்.

"நான் யாரு தண்ணியும் எடுக்கல. என் முறை. நான் தக்காளி போட்டா எடுப்பேன்ல? அப்ப வந்து கேட்டிருப்பீங்களா?"

ரத்னம்மா எழுந்தாள். "ஒரேய் நாகராஜூ! கொல்லையில ஊத்தினா பாதி திரும்பவும் கிணத்துக்குத்தான்டா ஊறி வரும். ஓசூருக்கு போனது எங்கடா ஊறும்? கக்கூசுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் அவளை பின்னம்மா என்று கூப்பிடுவான், அவர்கள் வீட்டில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பின்னம்மா, நீ வாயாலயே என்னை ஊறவெச்சிடுவ" என்றான்.

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "முறைய விட்டா கிணத்துல நிக்கணும்னு பெரியவங்க சொல்லி வெச்சாங்க. வெளிய கொண்டு போவக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

"அவங்களுக்கு லாரி தெரியாதே மாமா" என்றாள் ஒருத்தி.

அதுதான் விஷயம். பயிர் வைக்கலாம், இல்லை விடலாம். தண்ணீருக்கு இந்த ரெண்டு வழிதான் உண்டு என்று நினைத்து வைத்த வழக்கம் அது. மூன்றாவது வழி ஒன்று தார் ரோட்டில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் திட்டத்திலும் நினைக்கவில்லை.

ஒரு வீட்டு மருமகன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச கரண்டில் தண்ணீர் விற்பது தப்பு, கரண்ட் ஆபீசில் ஒரு மனு கொடுத்தால் முடிந்தது என்றான். எனக்கும் அது சரி என்று பட்டது. ரத்னம்மாதான் தடுத்தாள்.

"கனெக்சன் ஒன்னுதானே தம்பி? வந்து புடுங்கினா அவனுக்கு மட்டுமா புடுங்குவாங்க? என் தக்காளிக்கும்தான போவும்?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியது அன்றைக்குத்தான். புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை பயிருக்கு என்று வைத்தது, விட்ட முறையை நம்பித்தான் பயிர் வைக்கிறவர்கள் இன்னும் வைக்கிறார்கள், அது ஊரைவிட்டுப் போனால் கிணறு தாங்காது, மழையும் முன்ன மாதிரி இல்லை, இருக்கிறவர்கள் பொழைக்க வேண்டாமா என்று கேட்டேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் கேட்டார்கள். பெரியப்பா, அந்தம்மா சொல்றது நியாயம் என்றார். நாகராஜூவும் நியாயம்தான் என்றான்.

"நியாயம்தான்க்கா, நான் இல்லேங்கல. எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க. நாளைக்கே லாரிய வித்துடறேன்."

என் சிறுவயதிலிருந்து என்னிடம் எல்லோரும் சொன்னது, நீ வாய் திறந்து பேசினால் எல்லாம் நடக்கும் என்பதுதான். நீங்களும் அதை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். நான் வாய் திறந்தேன். நியாயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டீ கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகத் தங்கள் முறையை நாகராஜூவிடம் கொடுத்தார்கள். சும்மா கிணற்றில் நிற்கிற முறைதானே, அவனும் நம்ம பையன், நமக்கும் கொஞ்சம் காசில் கை நனையும் என்று. மூத்தார் கொடுத்தார். பிரேக் கம்பெனிக்காரன் கொடுத்தான். பெரியப்பா கடைசியாகக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ரத்னம்மா அந்தப் போகம் தக்காளி நட்டிருந்தாள். பழைய கணக்கில் நட்டது. மற்றவர்கள் விட்ட முறை கிணற்றில் நிற்கும், வெயிலுக்கு அது போதும் என்ற கணக்கு. செடி பூ எடுத்த நேரத்தில் அவள் முறை வந்தது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மோட்டாரைப் போட்டாள். கொஞ்சம் வாய்க்காலில் ஓடியது. அப்புறம் குழாய் இருமியது, காற்றாக வந்தது. எட்டிப் பார்த்தோம். பாறை தெரிந்தது.

கிணற்று ஓரத்தில் நாகராஜூ லாரி நின்றது. முந்தின நாள் முறையில் நிரப்பியது, டயர் பஞ்சர் ஆனதால் போகாமல் நின்றிருந்தது. டேங்கின் மூடி ஓரத்தில் தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாகராஜூ ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். வாடியிருந்த செடியைப் பார்த்தான். அவன் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன், அது நடிப்பு இல்லை.

"பின்னம்மா, பைப்ப புடி. முழு லோடும் உனக்கே உடறேன். காசு ஒன்னும் வேணாம். புடி புடி, பயிரு செத்துடும்."

ரத்னம்மா பைப்பைத் தொடவில்லை. பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ரெண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லு. வாங்கட்டா, வேணாமா?"

அவள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. அவன் கையால் அதை வாங்கினால், டேங்குக்குள் ஏறிய தண்ணீர் அவனுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. வாங்காவிட்டால் பூ கொட்டிவிடும். கிணறு முக்கியமா, இந்தப் போகம் முக்கியமா என்று அவள் கேட்கிறாள். சாருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வாங்கிக்கோ" என்று சொன்னேன்.

அவள் பைப்பைப் பிடித்தாள். பாத்தி பாத்தியாக நகர்த்தினாள். பாதி லோடு பாய்ந்ததும் நாகராஜூதான், பார்த்தியா பின்னம்மா, நான் உன்னை விட்டுடுவேனா என்றான். விட மாட்டான். அவனால் முடிந்த அளவுக்கு விட மாட்டான். அடுத்த முறை வந்தபோதும் கிணற்றில் பாறைதான். லாரிக்குக் கடன் கட்ட வேண்டும், பாதி விலை கொடு பின்னம்மா என்றான், கண்ணைப் பார்க்காமல். அவள் கொடுத்தாள். மறுபடி கிணற்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், ரத்னம்மாவே லாரித் தண்ணி வாங்கறா, அப்புறம் என்ன என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

முதல் லோடு வாங்கிய அன்றைக்குச் சாயங்காலமே சார் திருப்பிக் கூப்பிட்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். 

"நானா இருந்தாலும் வாங்கத்தாம்மா சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம், "வேற என்ன செய்ய" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்தினாலும் நானும் வாங்கிக்கோ என்றுதான் சொல்வேன். அதே மாதிரிதான் முடியும். இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போகிற ஊரிலும் ஒருநாள் வாடிய செடிக்கு முன்னால் நிற்க வைத்து உங்களைக் கேட்பார்கள். அந்தக் கேள்வி நீங்கள் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே எங்கெங்கோ முடிவாகியிருக்கும். கம்பெனியில், லேஅவுட்டில், பெண் பார்க்கப் போன வீட்டில். உங்கள் வாயிலிருந்து வருவது அதன் கடைசி வார்த்தை மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

தக்காளி பிழைத்தது. நன்றாகவே காய்த்தது. ராயக்கோட்டை மண்டிக்கு அவள் கூடைகளை ஏற்றிக்கொண்டு போன அந்த வாரம் எல்லாப் பக்கத்துத் தக்காளியும் ஒன்றாக வந்து குவிந்தது. தண்ணீர் விலைகூட வரவில்லை என்றாள். கடைசிப் பறிப்பைச் செடியிலேயே விட்டுவிட்டாள். மாடு மேய்ந்தது.

அதற்கடுத்த தடவை நான் போனபோது ரத்னம்மா வீடு பூட்டியிருந்தது. அவள் முறையும் லாரிக்குப் போய்விட்டது என்று பெரியப்பா சொன்னார். எட்டு முறையும் லாரிக்கே. கூட்டம் போட ஆள் இல்லை. பெரியப்பாவும் நானும் கொஞ்ச நேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். "பிஸ்கட்டு இருக்குதாம்மா?" என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், கோடை உழவு நேரம். காலையில் உத்தனப்பள்ளி ரோட்டு முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கம்பெனி பஸ் நிற்கிற இடமும் அதுதான். பையன்களும் பெண்களும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அதில் ரத்னம்மா நின்றாள். சுடிதார் மேலே நீலக் கோட்டு. ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை, கான்ட்ராக்டில். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னாக்கா, என் வேசத்த பாக்கறியா?"

"நல்லாத்தான் இருக்குது."

"கிணறே தேவலாம்னு சொல்லுவேன் பாத்தியா? இப்ப அந்தாளே தேவலாம்னு ஆயிடுச்சு."

ரெண்டு பேரும் சிரித்தோம். அப்போது மழை பிடித்தது. தூறல் இல்லை, பெருமழை. அந்த மாதிரி மழையைக் கோடை உழவு நேரத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முன்பென்றால் இந்த மழைக்குக் கொட்டாயில் எட்டு வீட்டு ஏரும் வெளியே வந்திருக்கும். எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொல்லைகள் எல்லாம் உழாத கரம்பாகக் கிடந்தன, தண்ணீர் அவற்றின் மேல் நிறைந்து ஓடைப்பக்கம் வழிந்தது. நாங்கள் கட்டிய அணை அந்த ஓடையில்தான் இருக்கிறது. அது நிறையும் என்று நினைத்தேன். என்னால் அடக்க முடியவில்லை.

"ரத்னம்மா, பாரு, என்னா மழை! உழவுக்கு ஆவும்."

அவள் கழுத்து அட்டை நனையாமல் கோட்டுக்குள் சொருகினாள். தலையை நீட்டி ராயக்கோட்டைப் பக்கம் ரோட்டைப் பார்த்தாள்.

"பஸ்ஸு லேட்டாவுமாக்கா? லேட்டானா கார்ட வாங்கி வெச்சிக்கிட்டு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நானும் ரோட்டைத்தான் பார்த்தேன்.